நம் முறைக்கு யார் வருகிறார்?

கடமைகள் இருவகைப்படும். ஒருவகைக் கடமையை நாம் செய்தாலும், நமக்காக வேறொருவர் செய்தாலும் அது நிறைவேறிவிடுகிறது. வாங்கிய கடனை நாமே நேரில் சென்று கொடுத்தாலென்ன, தம்பியிடம் கொடுத்தனுப்பினாலென்ன? கடன் கொடுத்தவர் கையில் பணம் சேர்ந்ததும் கடன் தீர்ந்தது. திருமண வீட்டுக்குப் போக இயலாதபோது மொய்ப்பணத்தை அண்டை வீட்டாரிடம் கொடுத்தனுப்புகிறோம். நம் பெயரில் அது எழுதப்பட்டுவிடுகிறது. மற்றொருவகைக் கடமை அப்படிப்பட்டதன்று. நண்பரின் தாயார் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், துக்கம் விசாரிக்கக் கூலி கொடுத்து ஓர் ஆளை அனுப்புவோமா? தந்தையின் உடலைச் சுமக்க மகன் தோள் கொடுக்கிறான். தனக்குப் பதிலாக வேறொரு தோளை அவன் வாடகைக்கு அமர்த்தினால் ஊர் என்ன சொல்லும்? நமக்காகப் பிறர் இருக்கும் நோன்பு நம் நோன்பாகாது. நமக்காகப் பிறர் கேட்கும் மன்னிப்பு பாதி மன்னிப்பே.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பரந்த வெளி இருக்கிறது. சேர்ந்து வாழ்வோர் முறைவைத்துச் செய்யும் வேலைகள் யாவும் அவ்வெளியைச் சேர்ந்தவை. ஊர்க் கிணற்றைத் தூர் எடுப்பது, ஆலய வளாகத்தைப் பெருக்குவது, சங்கத்துக்குக் கணக்கெழுதுவது, விருந்துக்குப் பின் பாத்திரம் துலக்குவது ஆகியவற்றை நினைத்துக்கொள்ளலாம். நம் முறை வந்துவிட்டது, நேரமில்லை, ஆனால் கையில் பணம் இருக்கிறது. கூலி கொடுத்து ஓர் ஆளை அனுப்பிவிட்டால் நம் முறை தீர்ந்ததா, தீரவில்லையா?

கேள்வி சிறியது. ஆயினும் அதற்குள் நீதி, சமத்துவம், உழைப்பு, உரிமை ஆகிய பெரிய கேள்விகள் யாவும் அடங்கிக் கிடக்கின்றன. வெறும் கருத்தளவில் இதை ஆராய்வதைவிட, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்வியோடு நாள்தோறும் வாழ்ந்துவரும் ஒரு மளிகைக் கடையின் துணைகொண்டு ஆராய்வது பயன்தரும் என்று எண்ணுகிறோம். அக்கடையை நாம் கண்ணால் கண்டதில்லை. அதைப்பற்றி வெளிவந்தவற்றைப் படித்தே அறிந்தோம்.

உடைமையாளரே உழைப்பாளர்

நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில் பார்க் ஸ்லோப் என்னும் குடியிருப்பு உள்ளது. 1973ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த அண்டை அயலார் சிலர் ஒன்றுகூடி, நல்ல உணவுப்பொருளைக் குறைந்த விலையில் பெறும் வழியொன்றைத் தேடினர். இரசாயனம் கலவாத காய்கறிகள், தீட்டப்படாத தானியங்கள், பருப்பு வகைகள் ஆகியவற்றை மொத்தமாக வாங்கித் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதென்று முடிவு செய்தனர். இவ்வாறு தோன்றியதே ‘பார்க் ஸ்லோப் உணவுக் கூட்டுறவு’. அந்த ஆண்டுகளில் அமெரிக்க நாடெங்கும் இத்தகைய இயற்கை உணவுக் கூட்டுறவுக் கடைகள் பல எழுந்தன. அவற்றுட் பல மறைந்தன. நிலைத்தவற்றுட் பல உறுப்பினர் உழைப்பைக் கைவிட்டு, யார் வந்தாலும் விற்கும் கடைகளாக மாறின. இக்கடை மட்டும் தன் பழைய விதியை விடாமற் பற்றிக்கொண்டு வளர்ந்தது. 2020க்கு முந்திய ஆண்டுகளில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 17,000 ஆக இருந்தது.

அந்தப் பழைய விதி இதுதான்: கடை உறுப்பினருடையது, ஆகவே கடையின் வேலையும் உறுப்பினருடையது. வெளியார் உள்ளே வந்து பார்க்கலாம்; பொருள் வாங்க முடியாது. வாங்க விரும்புவோர் உறுப்பினராக வேண்டும். இதற்கு நெடுங்காலமாக 25 டாலர் சேர்க்கைக் கட்டணமும் 100 டாலர் பங்குத்தொகையும் வாங்கிவந்தனர். பங்குத்தொகை விலகும்போது திருப்பித் தரப்படும். அரசின் உதவியால் வாழும் ஏழையருக்கு இவை முறையே 5 டாலராகவும் 10 டாலராகவும் குறைக்கப்பட்டன. ஆனால் பணம் கட்டியதோடு உறுப்புரிமை நிறைவுபெறுவதில்லை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 2 மணி 45 நிமிடம் ஒவ்வோர் உறுப்பினரும் ஊதியமின்றிக் கடையில் உழைக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பிறகு இந்த இடைவெளி ஆறு வாரமாக நீட்டப்பட்டது. ஒரு வீட்டில் வயதுவந்தோர் மூவர் இருந்தால் மூவரும் உறுப்பினராகி, மூவரும் உழைக்க வேண்டும். முறைக்கு வரத் தவறியவர் ஒன்றுக்கு இரண்டாகச் செய்து ஈடுகட்ட வேண்டும் என்பதும் நெடுங்காலம் விதியாக இருந்தது.

வேலைகள் யாவும் எளியவையே. விடியற்காலையில் வண்டியில் வரும் காய்கறிப் பெட்டிகளை இறக்க வேண்டும். அலமாரிகளில் அடுக்க வேண்டும். நிலவறையில் அமர்ந்து பாலாடைக்கட்டியை வெட்டி உறையிட வேண்டும். உலர்பழங்களை நிறுத்துப் பொட்டலம் கட்ட வேண்டும். கல்லாவில் அமர வேண்டும். தரையைத் துடைக்க வேண்டும். வாங்க வந்தோரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரஞ்சு நிற மேற்சட்டை அணிந்து, பொருள் வாங்கியவரோடு அவர் வண்டிவரை நடந்துசென்று, கடையின் தள்ளுவண்டியைத் திரும்ப ஓட்டி வருவதும் ஒரு வேலை. மொத்த வேலையில் ஏறத்தாழ முக்காற்பங்கை உறுப்பினரே செய்ததால், கொள்முதல் விலைக்கு மேல் கடை சேர்த்துக்கொண்ட தொகை நெடுங்காலம் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே நின்றது. கூட்டமோ எப்போதும் மிகுதி. அக்கடை நடத்திவந்த செய்தியிதழுக்கே ‘வரிசையில் காத்திருப்போர் இதழ்’ என்று பொருள்படும் ‘லைன்வெயிட்டர்ஸ் கெஜட்’ என்னும் பெயர் இடப்பட்டதென்றால், மற்றதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். மாதந்தோறும் கூடும் பொதுக்கூட்டத்தில் எந்த உறுப்பினரும் எழுந்து பேசலாம். இம்முறையைக் கண்டு 2016ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலும் ‘லா லூவ்’ என்னும் பெயரில் இத்தகைய கடை ஒன்று திறக்கப்பட்டது.

பழைய வேர்

உண்போரே கடைக்கு உடைமையாளராகும் எண்ணம் அமெரிக்காவில் பிறந்ததன்று. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் என்னும் ஆலைநகரில், டோடு லேன் என்னும் தெருவில், நெசவாளரும் பிற தொழிலாளரும் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். முன்னோடிகள் 28 பேர் என்பது வழக்கு. வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவையே அன்று அவர்கள் விற்பனைக்கு வைத்த பொருள்கள். ஆளுக்கு ஒரு பவுன் வீதம் சிறுகச் சிறுகச் சேர்த்ததே முதல். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்றனர். பெண்களையும் உறுப்பினராக ஏற்றனர்.

அவர்கள் மேற்கொண்ட உறுதிகளில் ஒன்று நம் கவனத்துக்குரியது: கலப்படமற்ற பொருள், குறையாத எடை. அக்காலத்து ஆலைநகரங்களில் ரொட்டியை வெண்மையாக்கப் படிகாரம் கலந்தனர். தேயிலையோடு வேறு இலைகளைக் கலந்தனர். ஏழையின் வயிற்றுக்குள் போவது இன்னதென்று ஏழைக்கே தெரியாத நிலை. இன்று ‘இயற்கை உணவு’ என்று நாம் சொல்வது அன்று ‘பொய்யில்லாத உணவு’ என்ற வடிவில் தேடப்பட்டது. விற்பவன் வேறு, உண்பவன் வேறு என்று இருக்கும்வரை பொய்க்கு இடமுண்டு. உண்பவனே விற்பவனானால் பொய் சொல்ல ஆளில்லை என்பது அவர்கள் கண்ட எளிய வழி.

அவ்வழியின் ஒளி நம் மண்ணிலும் விழுந்தது. 1904ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கப்பட்ட நகரக் கூட்டுறவுச் சங்கம், இந்திய நுகர்வோர் கூட்டுறவின் முன்னோடியாக இன்றும் பேசப்படுகிறது. ராச்டேலாயினும் திருவல்லிக்கேணியாயினும் வளர்ந்தபின் ஊதியத்துக்கு ஆள் வைத்தே கடை நடத்தின. உறுப்பினர் முதலிட்டனர், வாக்களித்தனர், வாங்கினர். புரூக்ளின் கடை இவற்றோடு இன்னொன்றைச் சேர்த்தது: உறுப்பினர் கையாலும் உழைக்க வேண்டும். இந்தக் கூடுதல் விதியிலிருந்துதான் நம் கேள்வி பிறக்கிறது.

கூலி கொடுத்தால் தவறென்ன?

பார்க் ஸ்லோப் வட்டாரம் காலப்போக்கில் வசதி படைத்தோர் வாழும் இடமாயிற்று. சில உறுப்பினர், தம் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்களைத் தம் முறைக்கு அனுப்பிவைக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் அது செய்தியாகவும் வெளிவந்தது. உறுப்பினரல்லாதவரைக் கூலிக்கு அனுப்புவதைக் கடையின் விதி ஏற்பதில்லை. எனினும் விதி இருக்கிறது என்பதாலேயே ஒரு செயல் தவறாகிவிடாது. அந்த விதிக்குப் பின்னால் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்படி அனுப்பும் ஒரு தாயின் பக்கம் நின்று முதலில் வழக்காடுவோம். அவர் ஒரு மருத்துவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் அவர் நோயாளிகளைப் பார்த்தால் பலர் நலம் பெறுவர். அதே நேரம் அவர் பேரீச்சம்பழத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தால் உலகுக்கு என்ன பயன்? பணிப்பெண்ணுக்கோ அந்நேரத்துக்குரிய கூலி கிடைக்கிறது. கடைக்கு வேண்டியது ஓர் ஆளின் உழைப்பு, அது வந்துசேர்ந்துவிட்டது. ஒருவருக்கும் நட்டமில்லை, மூவருக்கும் நன்மையே. மேலும், நாம் உண்ணும் சோற்றை நாமா விளைவித்தோம்? உடுத்தும் துணியை நாமா நெய்தோம்? ஒருவர் வேலையை மற்றொருவர் கூலிக்குச் செய்வதால்தானே உலகம் நடக்கிறது?

இவ்வாதம் வலிமையானது, எளிதாக ஒதுக்கத்தக்கதன்று. வேலைப் பகிர்வு பாவமன்று. நியாயமான கூலிக்கு ஆள் அமர்த்துவதும் பாவமன்று. 1891ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றி எழுதிய திருமடல் கூலி உறவையே மறுக்கவில்லை. அக்கூலி நியாயமாக இருக்க வேண்டும் என்றே வற்புறுத்தியது. அப்படியானால் இத்தாயின் செயலில் நம் மனத்தை உறுத்துவது எது?

அந்தப் பணிப்பெண்ணின் பின்னால் நடந்து பார்ப்போம். காலையில் அவர் கடைக்குள் நுழைகிறார். ஆப்பிள் பெட்டிகளை இறக்குகிறார். அலமாரியில் அழகாக அடுக்குகிறார். முறை முடிந்து புறப்படுகையில், தம் பிள்ளைகளுக்கு நாலு பழம் வாங்கிக்கொள்ள எண்ணுகிறார். அவரால் முடியாது. அவர் உறுப்பினரல்லர். தாம் அடுக்கிய அலமாரியிலிருந்து தாமே ஒரு பழம் வாங்க அவருக்கு உரிமையில்லை. வாங்கும் உரிமை வீட்டில் இருப்பவருக்கு; சுமக்கும் வேலை இங்கு வந்தவருக்கு. உடைமையாளரே உழைப்பாளர் என்று தொடங்கிய கடை, ஒரே காலைப்பொழுதில் இரண்டாகப் பிளந்துவிட்டது. இதற்கு எதிராகத்தானே 1973இல் அக்கடையைத் திறந்தார்கள்!

‘அந்தப் பெண்ணும் உறுப்பினராகலாமே, ஏழையருக்குக் கட்டணம் குறைவுதானே’ என்று ஒருவர் கேட்கலாம். ஆகலாம். ஆகிவிட்டால் என்ன நடக்கும்? தம் முறைக்கு ஒரு தடவை வருவார்; எசமானியின் முறைக்கு இன்னொரு தடவை வருவார். சமமாக்க வந்த விதி அவர் முதுகில் இரட்டைச் சுமையாக ஏறும். இதை இங்கே குறித்துவைத்துக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

ஒரு மணி நேரத்தின் எடை

பணத்தால் அளந்தால், ஒருவருடைய ஒரு மணி நேரம் ஆயிரம் பெறும். இன்னொருவருடையது ஐம்பது பெறும். நாள் முழுவதும் நாம் அந்தத் தராசில்தான் நிறுக்கப்படுகிறோம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மணிக்கும் குறைவான ஒரு சிறு பொழுதுக்கு, அந்தத் தராசை மூடிவைத்துவிட்டு வேறொரு தராசை எடுக்கிறது இக்கடை. அதில் மருத்துவரின் ஒரு மணியும் தையற்காரரின் ஒரு மணியும் ஒரே எடை. இருவரும் ஒரே வெங்காய மூட்டையை இரு முனையில் பிடித்துத் தூக்குகின்றனர். பணம் கொடுத்து இந்தப் பொழுதிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டால், பழைய தராசு இங்கும் நுழைந்துவிடுகிறது. கடைக்கு ஓர் ஆளின் உழைப்புக் குறையவில்லை என்பது உண்மை. குறைந்துபோவது அந்தச் சமம். அதை வேறோர் ஆளை அனுப்பி ஈடுசெய்ய இயலாது.

உழைப்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981ஆம் ஆண்டில் எழுதிய திருமடல் இங்கு நமக்கு ஒளிதருகிறது. வேலையின் மதிப்பை அவ்வேலை எத்தகையது என்பதைக்கொண்டு அளப்பது தவறு. அதைச் செய்பவர் மனிதர் என்பதே அதன் மதிப்புக்கு அடிப்படை என்பது அதன் மையக் கருத்து. வேலை பொருளை மாற்றுவதோடு நில்லாமல் செய்பவரையும் உருவாக்குகிறது. பெட்டியைத் தன் கையால் இறக்கியவருக்கு ஒரு முட்டைக்கோசு எத்தனை கை மாறி வந்ததென்று தெரியும். எவ்வளவு அழுகி வீணாகிறதென்று தெரியும். கல்லாவில் அமர்ந்தவருக்கு, எதிரில் நிற்பவர் எதை எடுத்துவிட்டு, விலையைப் பார்த்து, எதைத் திருப்பி வைத்தார் என்று தெரியும். இந்த அறிவை வேறொருவர் பெற்று நமக்குத் தந்துவிட முடியாது. இயற்கை உணவை நாடுவோர் ‘இது எந்த மண்ணில் விளைந்தது? எந்த மருந்து தெளித்தார்கள்?’ என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விகள். ‘இதை எந்தக் கைகள் சுமந்தன? அக்கைகளுக்கு உரியவர் இதை உண்கிறாரா?’ என்னும் கேள்வியும் அதே அக்கறையின் தொடர்ச்சியே. மண்ணுக்கு நஞ்சு ஆகாதென்று கவலைப்படுபவர் மனிதரைப் பற்றிக் கவலைப்படாதிருக்கலாமா?

மறுப்புகளும் மேசைப் பணியும்

எனினும் சம நேரம் என்பது முழு நீதியாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு இடங்களில் வேலை செய்து குடும்பத்தைக் காக்கும் தாய்க்கு இரண்டே முக்கால் மணி நேரம் பெருஞ்சுமை. ஓய்வாக இருப்பவருக்கு அது பொழுதுபோக்கு. ஒரே அளவு, ஆனால் ஒரே பாரமன்று. ஆகவேதான் அக்கடை நோயுற்றோருக்கும் குழந்தை பெற்றோருக்கும் விடுப்பு வைத்திருக்கிறது. நெடுங்காலம் உழைத்த முதியோரை முறையிலிருந்து விடுவிக்கிறது. இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் காண்கிறோம். இயலாமையால் விடுவிக்கப்படுபவரை ஏனையோர் சுமக்கின்றனர், அது அன்பு. வசதியால் விடுவித்துக்கொள்பவரை ஓர் ஏழை சுமக்கிறார். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். இரண்டிலும் ஒருவர் வரவில்லை. ஆனால் சுமை எந்தத் திசையில் நகர்ந்தது என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

விவிலியம் அறிந்த வாசகர் இன்னொரு மறுப்பையும் எழுப்பக்கூடும். திருத்தூதர்களே தங்கள் முறையை வேறொருவரிடம் ஒப்படைக்கவில்லையா? திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுகிறது. பன்னிருவரும் இறைவேண்டலிலும் இறைவார்த்தைப் பணியிலும் நிலைத்திருக்க விரும்பி, பந்தியில் பரிமாறும் பணிக்கு எழுவரை ஏற்படுத்துகின்றனர். அதுவும் ஒரு வேலைப் பகிர்வுதானே?

ஆம், பகிர்வுதான். ஆனால் எப்படிப்பட்ட பகிர்வு என்று பார்க்க வேண்டும். முதலாவது, அந்த எழுவரைத் தேர்ந்தெடுத்தது சபை முழுவதும். இரண்டாவது, எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பங்கீட்டின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று விளக்குவோர் பலர். மூன்றாவது, அவர்கள் மீது கைகளை வைத்து இறைவனிடம் வேண்டினர்; பணி மாண்புடன் கொடுக்கப்பட்டது. நான்காவது, எழுவர் பந்தி மேசையோடு நிறுத்தப்படவில்லை. ஸ்தேவான் மறையுரையாற்றி உயிர் துறந்தார். பிலிப்பு சமாரியாவுக்கு நற்செய்தி கொண்டுசென்றார். பரிமாறியவர்கள் அதே பந்தியில் அமர்ந்து உண்டவர்கள். திருத்தூதர்கள் ஓய்வை விலைக்கு வாங்கவில்லை. வேறொரு பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். பவுலோ, பிறர் உதவியால் வாழும் உரிமை தமக்கு இருந்தும், கொரிந்து நகரில் கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, இறுதி இராவுணவின்போது ஆண்டவர் தம் சீடரின் பாதங்களைத் தாமே கழுவினார். அது அக்காலத்தில் அடிமை செய்யும் வேலை. ஆள் வைத்துச் செய்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் பாதங்கள் தூய்மையாகியிருக்கும். பாடம் மட்டும் இல்லாமற் போயிருக்கும்.

ஆகவே, வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது எப்போதும் தவறென்று நாம் சொல்ல வரவில்லை. நமக்குப் பதில் வருபவர் நம்மோடு அதே பந்தியில் அமர்கிறாரா என்பதே உரைகல். அமர்கிறாரென்றால் அது பகிர்வு. அவர் பரிமாறிவிட்டுப் பின்வாசல் வழியே போய்விடுகிறாரென்றால், எவ்வளவு கூலி கொடுத்தாலும், அது வேறொன்று.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்று நியூயார்க்கைத் தாக்கியபோது புரூக்ளின் கடை உறுப்பினர் உழைப்பை நிறுத்திவைத்தது. ஊதியம் பெறும் பணியாளரைக் கொண்டே கடை நடந்தது. கூலிக்கு ஆள் வைத்து அக்கடையை நடத்த முடியும் என்பது கண்கூடாயிற்று. பின்னர் ஆபத்து தணிந்ததும் உறுப்பினர் முறை மீண்டும் கொண்டுவரப்பட்டது. செலவைக் குறைப்பது அதற்கு ஒரு காரணம், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உறுப்பினர் கை படாத கடை, எவ்வளவு நல்ல பொருளை விற்றாலும், இன்னொரு கடையாகவே ஆகிவிடும்.

ஆலய முற்றத்தில்

இத்தனை தொலைவிலுள்ள ஒரு கடையைப்பற்றி ஒரு பங்குக்குரு ஏன் இவ்வளவு அக்கறை கொள்ள வேண்டும் என்று வாசகர் நினைக்கலாம். காரணம் நம் ஆலய முற்றத்தில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பங்கொன்றில், திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்திய சனிக்கிழமைகளில் ஆலயத்தையும் வளாகத்தையும் தூய்மை செய்ய அன்பியங்களுக்கு முறை வகுத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை, வசதியான குடும்பங்கள் மிகுந்த அன்பியத்தின் முறை. ஒரு குடும்பத்தார் வர இயலாமல், தம் வீட்டு வேலைக்காரப் பெண்மணியை அனுப்பியிருந்தனர். அன்றைய நாளுக்குத் தனியே கூலியும் கொடுத்திருந்தனர். வந்திருந்த எவரையும்விட அவர் நன்றாகப் பெருக்கினார். மறுநாள் ஞாயிறு திருப்பலியில், ஒத்துழைத்த குடும்பங்களின் பெயர்களை நாம் வாசித்து நன்றி சொன்னோம். அந்தக் குடும்பத்தின் பெயரும் அதில் இருந்தது.

திருப்பலி முடிந்து அந்தப் பெண்மணி நம்மைக் கடந்து சென்றபோது, “நேத்து நீங்களும் வந்திருந்தீங்களே அம்மா” என்றோம். அவர் எவ்விதக் குறையுமின்றி இயல்பாகச் சொன்னார்: “ஆமாங்க சாமி. போன வாரம் எங்க அன்பிய முறைக்கு வந்தேன். இந்த வாரம் எங்க அம்மா வீட்டு முறைக்கு வந்தேன்.”

இரண்டு சனிக்கிழமை அவர் பெருக்கினார். பீடத்தில் நாம் வாசித்த பெயர்களில் அவர் பெயர் ஒருமுறைகூட இல்லை. முதல் வாரம் அவருடைய அன்பியத்தை மொத்தமாகப் பாராட்டிவிட்டோம். இரண்டாம் வாரம் அவருடைய எசமானரைப் பாராட்டினோம். இதில் அந்தக் குடும்பத்தாரைவிட நம் தவறே பெரிது. அவர்கள் கூலியாவது கொடுத்தார்கள்.

பின்னொரு நாள் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது இதைப்பற்றித் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தோம். குடும்பத் தலைவர் நல்லவர். பங்கின் தேவைகளுக்குக் கணக்குப் பாராமல் கொடுப்பவர். அவர் முகம் சுருங்கியது. “நான் சும்மா அனுப்பலையே சாமி, கூலி குடுத்துத்தானே அனுப்பினேன்? அது தப்பா?” என்று கேட்டார். அன்று அவருக்கு நம்மால் ஒழுங்கான பதில் சொல்ல இயலவில்லை. தவறு என்று சொல்ல நாவெழவில்லை. தவறில்லை என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. தேநீர் அருந்திவிட்டு எழுந்து வந்தோம். புரூக்ளின் கடையின் கதையைப் பிற்பாடு படித்தபோதுதான், அவர் கேட்ட கேள்வி கடல்கடந்தும் கேட்கப்பட்டிருக்கிறது என்று கண்டோம்.

இன்று அவருக்கு இப்படிச் சொல்வோம்: ஐயா, கூலி கொடுத்தது தவறன்று. கொடுத்த கூலியால் முற்றம் தூய்மையாயிற்று. ஆனால் நம் பங்கு உங்களிடம் கேட்டது தூய்மையான முற்றத்தை மட்டுமன்று. அதற்காயின் நாமே இரண்டு ஆட்களை அமர்த்தியிருப்போம், செலவும் குறைவு. உங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் துடைப்பம் பிடிப்பவரும் நீங்களும் ஒரு காலைப்பொழுதாவது ஒரே முற்றத்தில், ஒரே வேலையில், பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதே அந்த முறையின் பொருள். அரைமணி நேரம் வந்திருந்தாலும் போதும். நன்றாகப் பெருக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர் கற்றுக்கொடுத்திருப்பார்.

இதைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்ற கேள்வியும் எழாமலில்லை. ஆகவே இப்போதைய பங்கில் முறைப்பட்டியல் எழுதும்போது, முதற் சனிக்கிழமையில் நம் பெயரையும் சேர்த்துக்கொண்டோம். துடைப்பத்தை எடுத்த ஐந்தாம் நிமிடம், “நீங்க போங்க சாமி, நாங்க பார்த்துக்கிறோம்” என்று ஒரு மூதாட்டி கை நீட்டினார். துடைப்பத்தைக் கொடுத்துவிட நம் கை எவ்வளவு விரைவாக நீண்டது என்பதை நாம் மட்டுமே அறிவோம். முதுகு வலித்தது, செய்ய வேண்டிய வேறு வேலைகள் உடனே நினைவுக்கு வந்தன, அவையாவும் மிக முக்கியமானவையாகத் தோன்றின. ‘எனக்கு நேரமில்லை’ என்னும் சொல் எவ்வளவு நேர்மையான முகத்தோடு மனத்தில் எழுகிறது என்று அன்று கண்டுகொண்டோம். முறை முடியும்வரை நின்றோம். முடிந்ததும் அனைவரும் ஆலயத் திண்ணையில் அமர்ந்து, வாளியில் வந்த தேநீரை ஒன்றாக அருந்தினோம்.

வாசகர்களே, நம் ஒவ்வொருவர் வாழ்விலும் முறைகள் உண்டு. வயதான பெற்றோரின் படுக்கையருகே அமரும் முறை, தெருவின் சாக்கடையைக் கவனிக்கும் முறை, சங்கத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்கும் முறை, விருந்துக்குப் பின் பாத்திரம் கழுவும் முறை. அவற்றுட் சிலவற்றைப் பிறரிடம் ஒப்படைத்தே தீர வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் தாமே செய்வோர் எவருமில்லை. ஒப்படைக்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுப் பார்ப்போம். நம் முறைக்கு வந்தவர் யார்? அவருடைய முறைக்கு யார் வருகிறார்? வேலை முடிந்து திண்ணையில் தேநீர் ஊற்றும்போது அவருக்கும் ஒரு குவளை வைக்கப்பட்டிருக்கிறதா?